உங்களைத் தேட ஒருவர்: புதிதாக வந்தவர்களுக்குச் சில வார்த்தைகள்

வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தம், பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவரிடம் பதிவு என்று வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. ஓடி ஓடி அதை முடித்துவிடுவீர்கள். முடித்த மறுநாள்தான் சிக்கல் தொடங்கும். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, சட்டைப் பையில் அட்டைகள் எல்லாம் இருக்கின்றன. ஊர் மட்டும் ஒட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பிறகும் விருந்தாளியைப்போலவே நடமாடுகிறவர்கள் உண்டு.

மொழி வராததுதான் காரணம் என்பார்கள் சிலர். வேலைப் பளு என்பார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மைதான், ஆனால் மொழி நன்றாக வந்தவர்களும் ஓய்வு நிறைய உள்ளவர்களும் இதே குறையைச் சொல்கிறார்கள். என் கணிப்பு இதுதான்: நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் "ஏன் காணோம்?" என்று கேட்க அந்த ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் கிடைக்கும்வரை மற்ற வசதிகள் வெறும் வசதிகளாகவே இருக்கும்.

ராய் பௌமைஸ்டர், மார்க் லியரி என்ற இரு உளவியலாளர்கள் 1995இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. தனக்கும் ஓர் இடம் உண்டு என்று உணர மனிதருக்கு இரண்டு தேவை என்றார்கள் அவர்கள். ஒன்று, அடிக்கடி நிகழும் இனிமையான பழக்கம். மற்றொன்று, ஒருவர் நலனில் ஒருவருக்கு நிலைத்த அக்கறை. ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் மனம் நிறைவதில்லை.

உங்கள் நிலைமையை இதில் பொருத்திப் பாருங்கள். அக்கறை உள்ளவர்கள் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார்கள். தினமும் பார்ப்பவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். இரண்டு பாதிகளும் கையில்தான் இருக்கின்றன, ஆனால் ஒரே ஆளிடம் இல்லை. காய்ச்சலில் படுத்திருக்கும்போது அம்மாவால் மாத்திரை வாங்கிக் கொடுக்க முடியாது. பக்கத்து மேசைக்காரருக்கு உங்களுக்குக் காய்ச்சல் என்றே தெரியாது.

அந்த அம்மாவிடமாவது உண்மையைச் சொல்கிறோமா என்றால் அதுவும் இல்லை. "நன்றாக இருக்கிறேன், வேலை பிடித்திருக்கிறது, நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று ஒரே பல்லவி. பெற்றவர்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் கவலைப்பட ஒன்றும் இல்லாதவராக நம்மைக் காட்டிக்கொண்டு, பிறகு யாருக்கும் நம்மைப் பற்றிக் கவலை இல்லை என்று வருந்துவதில் நியாயம் இல்லை. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஒருமுறை ஒரு சின்னக் கஷ்டத்தையாவது உள்ளபடி சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கும் உங்கள் வாழ்க்கையில் செய்ய ஏதாவது ஒன்று கிடைக்கும்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்

புதிதாக வந்தவர்கள் பலரும் முதல் மாதங்களில் எல்லாக் கூட்டங்களுக்கும் ஒருமுறை போகிறார்கள். எதற்கும் இரண்டாம் முறை போவதில்லை. தலைகீழாகச் செய்யுங்கள். மொழி வகுப்பு, நடைப்பயிற்சிக் குழு, பாட்டுக் குழு, பிள்ளையின் விளையாட்டுப் பயிற்சி, வழிபாட்டு இடம், தொண்டு வேலை என எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே நாளில் அதே நேரத்துக்குப் போய் உட்காருங்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சில மாதங்கள் விடாதீர்கள்.

இதில் பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஓரளவு கணக்கே இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், அண்மையில் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் புதிதாகக் கல்லூரி சேர்ந்த மாணவர்களையும் ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் என்பது அவர் கண்டது. வாரம் இரண்டு மணி நேரம் நடக்கும் வகுப்புக்குப் போகிறீர்கள் என்றால் முதல் படிக்கே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். மூன்றாவது வாரத்தில் "இங்கே யாரும் பழகுவதில்லை" என்று எழுந்து வந்துவிடுவது எவ்வளவு அவசரம் என்று பாருங்கள்.

அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் அந்த அளவுக்குக் கணக்கில் சேருவதில்லை. ஒரே அறையில் ஓர் ஆண்டு உட்கார்ந்திருந்தவர்கள் விலாசம்கூடத் தெரியாமல் பிரிவது இதனால்தான். வேலை முடிந்த பிறகு உள்ள அரை மணி நேரம்தான் பழக்கத்தை வளர்க்கிறது.

நான் கண்ட ஒரு மொழி வகுப்பைச் சொல்கிறேன். கடைசி வரிசையில் ஒரு பெண் உட்காருவார், கேட்டால்தான் பேசுவார். ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரம் வந்து அமர்ந்ததும், பக்கத்து இருக்கை முதியவர் தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். தவறிய பாடத்தை உடைந்த எழுத்தில் முழுவதும் படியெடுத்து வைத்திருந்தார். மேலே அந்தப் பெண்ணின் பெயர், அதுவும் பிழையாக. இருவருக்கும் பொதுவான மொழி அந்த வகுப்பில் கற்ற நூறு சொற்கள்தாம். "குழந்தை? நலமா?" என்று அவர் கேட்டார். முந்தைய வாரங்களில் எப்போதோ பிள்ளைக்கு இருமல் என்று அந்தப் பெண் சொல்லியிருந்ததை நினைவில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. அதன் பிறகு அந்தப் பெண் ஒரு வகுப்பையும் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை. சில வாரங்கள் கழித்து முதியவரின் கண் அறுவை சிகிச்சை பற்றி முதலில் விசாரித்ததும் அவர்தான்.

இதற்குப் பணம் வேண்டாம், நல்ல உச்சரிப்பு வேண்டாம். போன முறை ஒருவர் சொன்னதை இந்த முறை நினைவில் வைத்துக் கேட்டால் போதும். நினைவு தங்காதவர்கள் வீட்டுக்குப் போனதும் குறித்து வைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்பதும் பெறுவதும்

உதவி கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். "யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது" என்று பெட்டிகளைத் தனியாகத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொள்வார்கள். ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வுகளில், முன்பின் தெரியாதவர்களிடம் சிறு உதவி கேட்கச் சிலரை அனுப்பினார்கள். போவதற்கு முன், எத்தனை பேரைக் கேட்டால் வேண்டிய அளவு உதவி கிடைக்கும் என்று அவர்களையே கணிக்கச் சொன்னார்கள். நடந்ததோ, கணித்ததில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கேட்டதுமே வேலை முடிந்துவிட்டது. மறுப்பார்கள் என்ற பயம் நம் தலைக்குள்தான் அதிகம்.

ஆகவே சின்னதாகக் கேளுங்கள். குப்பையை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும்? இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஏணி இருந்தால் பத்து நிமிடம் தர முடியுமா? இணையத்தில் தேடினாலே விடை கிடைக்கும் என்பது தெரிந்ததே. விடைக்காகக் கேட்கவில்லை, கேட்பதற்காகக் கேட்கிறோம்.

உதவி கிடைத்த பிறகு ஒரு பிழை செய்வோம்: கையோடு கைம்மாறு. மாலையில் ஏணி தந்தவருக்கு மறுநாள் காலையிலேயே பரிசுப் பொட்டலம். மரியாதைதான், ஆனால் கடையில் பாக்கியைத் தீர்த்துவிட்டு வெளியேறுவதைப்போல ஆகிவிடுகிறது. மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கத்தை எதிர்பார்ப்பவருக்குக் கைம்மாறு உடனே வந்தால் அதைத் தந்தவர் மேல் உள்ள விருப்பம் குறைவதைக் கண்டார்கள். நன்றி சொல்லுங்கள், கடனை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தேவை வரும் நாளில் நீங்கள் அங்கே இருந்தால் போதும்.

அந்த நாளுக்காகக் காத்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். புதிதாக வந்தவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். வெளியூர் போகும் அண்டை வீட்டாரின் செடிக்கு நீர் ஊற்றலாம், தனியாக இருக்கும் முதியவரின் கதவை இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கலாம். ஒருவர் தன் வீட்டுச் சாவியை உங்களை நம்பிக் கொடுக்கும் நாளில் அந்தத் தெருவில் உங்கள் நடையே மாறிவிடும். உதவி பெற்றுக்கொண்டே இருப்பவருக்கு நன்றியுணர்வு வரும். அந்த ஊர் என் ஊர் என்ற எண்ணம் வருவது பெரும்பாலும் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான்.

வேலைக்குப் போகாத துணை

குடும்பமாக வந்தவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். ஒருவருக்கு வேலை கிடைத்து மற்றவர் துணையாக வருகிறார். முதலாமவருக்கு அலுவலகம், அடையாள அட்டை, மதிய வேளையில் பேச ஆட்கள். மற்றவருக்கு நான்கு சுவர். மாலையில் ஒருவர் பேசிக் களைத்து வருகிறார், மற்றவர் பேச்சுக்கு ஏங்கிக் காத்திருக்கிறார். இருவருக்கும் சண்டை வருவது பாத்திரம் கழுவுவதைப் பற்றியாக இருக்கும். காரணம் இதுவாக இருக்கும்.

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973இலேயே தனிமை இரண்டு வகை என்று பிரித்தார். நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. பழகுவதற்கு ஒரு வட்டம் இல்லாத தனிமை மற்றொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. எவ்வளவு அன்பான கணவரானாலும் மனைவியானாலும் ஒரு வட்டத்துக்கு ஈடாக முடியாது. "நான் இருக்கிறேனே" என்பது இங்கே போதாத பதில். துணைக்கு வாரத்தில் ஒரு மாலையாவது தனக்கென்று போக ஓர் இடம் வேண்டும். அந்த மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வேலைக்குப் போகிறவரின் பொறுப்பு. இதை வந்த முதல் மாதமே பேசி முடிவுசெய்யுங்கள். பின்னால் வந்து சேரும் பெற்றோருக்கும் இதே கணக்குத்தான், இன்னும் கூடுதலாக.

நம்மவர்கள்

தமிழர்களைத் தேடிப் போங்கள், தயங்க வேண்டாம். மனதில் உள்ளதை மொழிபெயர்க்காமல் சொல்ல ஓர் இடம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் பெரிய விழாவுக்குப் போய் வெறுமையோடு திரும்பினால் அதிர்ச்சி அடையாதீர்கள். ஐந்நூறு பேர் கூடும் இடத்தில் யாரும் யாரையும் தேடுவதில்லை. மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும் குழுவில் சேருங்கள். நட்பு அங்கேதான் நடக்கிறது.

நம்மவர்களோடு மட்டும் நின்றுவிடவும் வேண்டாம். வேலை தேடுகிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அறிமுகங்கள் வழியாக வேலை கிடைத்தவர்களை மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தபோது, வேலை பற்றிய செய்தியைத் தந்தவரை அடிக்கடி பார்த்ததாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான்; மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர்கள் வழியாகவே செய்தி வந்திருந்தது. 1973இல் வந்த அந்தக் கட்டுரையின் விளக்கம் எளிது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அக்கறை என்ற பெயரில் வருவதெல்லாம் அக்கறை அல்ல. கடவுச்சீட்டைத் "பத்திரமாக" வாங்கி வைத்துக்கொள்பவர், சம்பளத்தைத் தன் கணக்கில் போடச் சொல்பவர், "மற்றவர்களோடு பேசாதே, ஏமாற்றிவிடுவார்கள்" என்பவர், செய்த உதவியை நாலு பேர் முன்னிலையில் சொல்லிக் காட்டுபவர் — உறவினரானாலும் விலகி நில்லுங்கள். உண்மையான அக்கறை உங்களுக்குத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டும், குறைக்காது.

மனம் தளரும் மாதங்கள்

முதல் உற்சாகம் தணிந்த பிறகு ஒரு தளர்ச்சி வருவது பெரும்பாலோருக்கும் வழக்கம். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுகள்தாம் ஆபத்தானவை. "நான் இந்த ஊருக்கு ஒத்துவராதவன்" என்று ஒரு கெட்ட வாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுவோம். கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு, மூத்த மாணவர்களும் தொடக்கத்தில் இப்படித் தவித்தார்கள், அது மெல்ல மாறியது என்ற செய்தியைப் படிக்கக் கொடுத்து, அதைத் தங்கள் அனுபவத்தோடு பொருத்தி எழுதச் சொன்னார்கள். ஒரு மணி நேரப் பயிற்சிதான். ஆனால் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களுடனான இடைவெளி பாதியாகக் குறைந்தது. நீங்களும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒருவரைப் பிடித்து, முதல் ஆண்டு எப்படி இருந்தது என்று கேளுங்கள். இப்போது எப்படி இருக்கிறது என்பதைக் கேட்க வேண்டாம்; அது பெருமை பேச்சாகிவிடும்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தால், காலையில் எழவே மனம் இல்லாவிட்டால், நண்பர்கள் மட்டும் போதாது, மருத்துவரிடம் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி, அவசர உதவி எண்ணை அழையுங்கள். அந்த எண்ணை வந்த முதல் நாளே தெரிந்து வைத்திருக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று மருத்துவரிடம் நேரம் வாங்கும்போதே கேளுங்கள். பிள்ளை அந்த ஊர் மொழியை நன்றாகப் பேசுகிறதே என்று, மொழிபெயர்க்க அதை மருத்துவரின் அறைக்குள் அழைத்துப் போகாதீர்கள்.