புதிய பாரவூர்திச் சாரதிக்கு: நேர அட்டைக் குறியீடுகளும் வண்டிக்குள் இருக்கும் கணினியும்

ஒன்ராறியோவில் ட்ரெய்லர் இழுக்கும் பாரவூர்திக்கான ஏ-இசட் சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு, 2017 ஜூலை 1 முதல் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ட்ரெய்லரைக் கொழுவுதல், காற்று பிறேக்கைப் பரிசோதித்தல், பின்னோக்கிச் செலுத்தி டொக்கில் (பொருள் ஏற்றி இறக்கும் மேடையில்) விடுதல், வேலைநேரச் சட்டம் எனப் பலவற்றையும் அங்கே படித்துவிட்டுத்தான் வருகிறோம். ஆயினும் முதல் வேலையின் முதல் நாளில் புதியவரைத் திணறவைப்பது பெரும்பாலும் கியரோ ட்ரெய்லரோ அல்ல. டாஷ்போர்டில் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய திரையும், அதனோடு கையில் தரப்படும் குறியீட்டுப் பட்டியலும்தான். பட்டியலில் முப்பது நாற்பது குறியீடுகள் இருக்கும். அவற்றை விளக்குவதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியிருப்பார்கள்.

திரை ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் செலுத்தினீர்கள், எவ்வளவு நேரம் ஓய்ந்தீர்கள் என்று அரசாங்கத்துக்குக் காட்டும் கணக்கு ஒன்று. இதை வைத்திருப்பது மின்னணுப் பதிவுக் கருவி, நம் பேச்சில் ஈ.எல்.டி. எந்த வேலைக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நிறுவனம் போடும் சம்பளக் கணக்கு மற்றது. நேர அட்டைக் குறியீடுகள் இதற்கு உரியவை. முதலாவதில் பிழைவிட்டால் அபராதம் வரும், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவைப்பார்கள். இரண்டாவதில் பிழைவிட்டால் உழைத்த காசு வராது. ஒன்றில் அழுத்தியது மற்றதிலும் தானாகவே பதிவாகிவிடும் என்று எண்ணுவதுதான் புதியவர் விடும் முதற் பிழை. சில நிறுவனங்களில் இரண்டும் இணைக்கப்பட்டிருக்கும், பலவற்றில் இராது. ஆகவே வேலைக்குச் சேரும் அன்றே கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே.

சக்கரம் உருள்வதை மட்டுமே அறியும் கருவி

அமெரிக்காவில் 2017 டிசம்பர் 18 முதலும், கனடாவில் 2021 ஜூன் 12 முதலும் ஈ.எல்.டி. சட்டமாக இருக்கிறது. அதற்குமுன் கடதாசி லொக் புத்தகத்தில், அதாவது வேலைநேரப் பதிவேட்டில், அளவுகோல் வைத்துக் கோடு கீறினோம். இன்றைய திரையிலும் அதே நான்கு வரிகள்தான் உள்ளன. மேலிருந்து கீழாக ‘ஓஃப் டியூட்டி’ என்பது கடமையில் இல்லாத நேரம், ‘ஸ்லீப்பர் பேர்த்’ என்பது வண்டியின் படுக்கையில் இருக்கும் நேரம், ‘டிரைவிங்’ என்பது செலுத்தும் நேரம், ‘ஒன் டியூட்டி’ என்பது செலுத்தாமல் வேறு வேலை செய்யும் நேரம். காலையில் வண்டியைச் சுற்றிப் பரிசோதிப்பது, டீசல் அடிப்பது, பொருள் ஏற்றுவதை நின்று மேற்பார்ப்பது, எல்லையில் பத்திரம் காட்டிக் காத்திருப்பது ஆகிய அனைத்தும் நான்காவது வரிக்கு உரியவை.

இந்த நான்கில், கருவி தானாகவே பிடிப்பது மூன்றாவதை மட்டுமே. வண்டியின் வேகம் மணித்தியாலத்துக்கு 8 கிலோமீற்றரைத் தொட்டவுடன், அதாவது 5 மைலில், அது ‘டிரைவிங்’ என்று மாறிவிடும். நின்ற பிறகு 5 நிமிடம் பொறுத்து, ‘இன்னும் செலுத்துகிறீர்களா?’ என்று திரையில் கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் ‘ஒன் டியூட்டி’க்குத் தானே மாற்றிவிடும். நெடுஞ்சாலை 401இல் விபத்து நெரிசலில் அசையாமல் நிற்கும்போது அந்தக் கேள்வி வந்தால் பதற வேண்டியதில்லை. சக்கரம் மறுபடி உருண்டதும் பழைய வரிக்கே வந்துவிடும். ஆனால் டொக்கில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய் இரண்டு மணித்தியாலம் உறங்கினாலும், நீங்கள் சொல்லாதவரை அது உங்களை வேலையில் இருப்பவராகவே கணக்கிடும்; சில நாட்களுக்குச் சேர்த்து அனுமதிக்கப்படும் எழுபது மணித்தியால வேலைநேரச் சுற்றில் அந்த இரண்டும் வீணாகக் கழிந்துவிடும்.

இதற்கு நான் பழகிக்கொண்ட வழி ஒன்று உண்டு. நிறுத்தியதும் காற்று பிறேக்கின் மஞ்சள் குமிழையும் சிவப்புக் குமிழையும் வெளியே இழுப்போம் அல்லவா? காற்று ‘புஸ்’ என்று வெளியேறும் அந்தச் சத்தம் அடங்குமுன், குமிழை இழுத்த அதே கையால் திரையைத் தொட்டு நிலையை மாற்றிவிடுவேன். சீற் பெல்ற்றைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். புறப்படும்போது இதே ஒழுங்கு தலைகீழாக வரும்: முதலில் திரை, பிறகு பெல்ற், கடைசியாகக் குமிழ்கள்.

குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம்

குறியீடுகளுக்குப் பொதுவான எண் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தில் பழுதடைந்து நிற்பதைக் குறிக்கும் எண், அடுத்த நிறுவனத்தில் வெற்று ட்ரெய்லரை இழுத்துச் செல்வதைக் குறிக்கும். பழைய சாரதிகள் இன்னும் ‘மக்ரோ அனுப்பு’ என்பார்கள். 1988இல் க்வால்கொம் நிறுவனம் கொண்டுவந்த ஒம்னிட்ராக்ஸ் செய்மதிக் கருவிகளில், எண்ணிட்ட படிவங்களாகச் செய்தி அனுப்பிய காலத்தின் சொல் அது. இன்று சம்சாரா, மோட்டிவ், ஜியோடாப், ஐசாக் என்று கருவிகள் பல. கருவி எதுவானாலும் குறியீட்டை வகுப்பது நிறுவனம்தான்.

ஆகவே எண் வரிசையில் படிப்பதை விட்டுவிட்டு, பட்டியலைக் காசின் அடிப்படையில் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு கொடுப்பனவைத் தொடக்கும் குறியீடுகள் சில: சேருமிடம் வந்தடைந்தேன், காத்திருக்கிறேன், வண்டி பழுதடைந்தது, இரவு தங்கவைக்கப்பட்டேன் என்பவை போல. அதை முடித்துவைப்பவை சில: ஏற்றி முடிந்தது, புறப்பட்டேன். மீதி எல்லாம் தகவலுக்கு மட்டுமே; அவற்றைப் பிந்தி அழுத்தினால், வண்டிகளை அனுப்பி ஒழுங்குசெய்யும் டிஸ்பாச்சர் சிடுசிடுப்பார், அவ்வளவுதான். முதல் இரண்டு வகையிலும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இருப்பதை நான் கண்டதில்லை. அவற்றை மட்டும் ஒரு சிறு அட்டையில் எழுதி வெயில் மறைப்பில் செருகிவையுங்கள். பட்டியலைப் பற்றிய சந்தேகத்தை டிஸ்பாச்சரிடம் கேட்பதைவிடச் சம்பளப் பிரிவில் கேட்பது நல்லது. டிஸ்பாச்சருக்குத் தெரிந்தது சரக்கு எங்கே நிற்கிறது என்பது, எந்தக் குறியீட்டுக்குக் காசு விழுகிறது என்பது அவருக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது மிசிசாகாவில் ஒரு களஞ்சியத்தில். காலை 7 மணிக்கு இறக்குவதற்கு நேரம் தந்திருந்தார்கள். நான் 6:45க்கே வாசலில் நின்றேன். வரிசை நீண்டு டொக் கிடைத்தபோது 8:20. ‘வந்தடைந்தேன்’ என்ற குறியீட்டை, டொக்கில் நிறுத்திய பிறகு அழுத்த வேண்டியது என்று எண்ணி அப்போதுதான் அழுத்தினேன். இறக்கி முடித்து வெளியேறியது 10:30க்கு. முதல் இரண்டு மணித்தியாலம் இலவசம், அதற்கு மேல் காத்திருப்புப் பணம் என்பது எங்கள் நிறுவனத்தின் ஒழுங்கு. 7 மணியிலிருந்து எண்ணியிருந்தால் ஒன்றரை மணித்தியாலப் பணம் வந்திருக்கும். 8:20இலிருந்து எண்ணியதால் பத்து நிமிடம்தான் மிஞ்சியது, பத்து நிமிடத்துக்கு யாரும் பணம் போடுவதில்லை. வண்டி அங்கே நின்றதை ஜி.பி.எஸ். காட்டுமே என்று வாதாடினேன். சம்பளப் பிரிவில் இருந்த தம்பி சிரித்துக்கொண்டு, “அண்ணை, ஜி.பி.எஸ். சம்பளம் போடாது, குறியீடுதான் போடும்” என்றார். வாசலில் பதிவுசெய்யும் நேரமே வந்தடைந்த நேரம், டொக் அல்ல.

அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு சிறு கொப்பி வைத்திருக்கிறேன். நேரம், இடம், ஓடிய கிலோமீற்றர், அழுத்திய குறியீடு ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதுவேன். சம்பளத் துண்டு வந்ததும் வரிக்கு வரி ஒப்பிடுவேன். முதல் ஆறு வாரம் இதைச் செய்தால், எந்தக் குறியீடு எந்தத் தலைப்பின் கீழ்ப் பணமாக மாறுகிறது என்பது தானே விளங்கிவிடும். மாகாணம் தாண்டியோ எல்லை தாண்டியோ ஓடும் நிறுவனங்கள் மத்திய தொழிற் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே நகரச் சாரதிக்கு நாளில் 9 மணித்தியாலத்தையோ வாரத்தில் 45 மணித்தியாலத்தையோ கடந்த வேலை மேலதிக நேரமாகும், நெடுஞ்சாலைச் சாரதிக்கு வாரத்தில் 60 மணித்தியாலத்தைக் கடந்தால்தான். நகர வேலை செய்த நாளை நெடுஞ்சாலைக் குறியீட்டில் போட்டால் இழப்பு யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

வேலையைத் தொடங்கும் நிறுவன முனையத்திலிருந்து 160 கிலோமீற்றர் சுற்றுக்குள் ஓடி, அன்றன்றே திரும்பிவரும் சாரதிக்குக் கனடாவில் லொக் வைக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் அவருடைய வேலைநேரப் பதிவை நிறுவனம் ஆறு மாதம் பாதுகாக்க வேண்டும். ஆகவே அவருக்கு நேர அட்டையே சட்டப் பத்திரமும் ஆகிறது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நண்பரிடம் சொல்லி அட்டையை அடிக்கவைப்பது அங்கே வெறும் அலுவலகக் குழறுபடி அல்ல.

இரண்டு விசேட பொத்தான்கள், ஓர் எல்லை

நான்கு வரிகளோடு ‘பேர்சனல் கொன்வேயன்ஸ்’, ‘யார்ட் மூவ்’ என்ற இரண்டு பொத்தான்களும் உண்டு. பிரச்சினைகளில் பாதி இவற்றில்தான் பிறக்கிறது. முன்னையது சொந்தத் தேவைக்கு ஓடுவது, பின்னையது நிறுவன வளவுக்குள் நகர்த்துவது. இரண்டையும் வண்டி அசையுமுன் அழுத்த வேண்டும். நான் பழக்கிய ஒருவர், பென்சில்வேனியாவில் ஓய்விடமொன்றின் ஓரத்தில் நிறுத்தி உறங்கினார். ஓய்வின் ஏழாவது மணித்தியாலத்தில் பொலிஸ் அலுவலர் கதவைத் தட்டி வேறிடத்துக்கு நகர்த்தச் சொன்னார். பாதுகாப்பு அலுவலர் சொல்லி நகர்த்துவதைச் சொந்தப் பயன்பாடாகப் பதிய அமெரிக்க விளக்கம் இடம் தருகிறது. தூக்கக் கலக்கத்தில் அவர் பொத்தானைத் தொடாமலே இருநூறு மீற்றர் செலுத்திவிட்டார். கருவி தானாகப் பிடித்த செலுத்தும் நேரத்தைக் குறைக்க முடியாது. பக்கத்தில் விளக்கக் குறிப்பு எழுதலாம், அவ்வளவே. தொடர்ந்து எடுக்க வேண்டிய பத்து மணித்தியால ஓய்வு முறிந்து, விடிந்தும் அவர் அங்கேயே கிடந்தார்.

இதே பொத்தானுக்கு எல்லையின் இருபக்கமும் பொருள் வேறு. அமெரிக்காவில் சரக்கு ஏற்றிய நிலையிலும், நிறுவனம் தடுக்காவிட்டால், அதைப் பயன்படுத்தலாம். கனடாவில் சரக்கு இறக்கப்பட்டு, ட்ரெய்லரும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். நாளுக்கு 75 கிலோமீற்றருக்கு மேல் கூடாது. பஃபலோவில் ட்ரெய்லரோடு உணவுக் கடைக்குப் போனவர், அதே பழக்கத்தில் ஃபோர்ட் ஈரியில் போனால் சட்டமீறல்.

நேர வரம்புகளும் அப்படித்தான். தெற்குக் கனடாவில் நாளுக்கு 13 மணித்தியாலம் செலுத்தலாம், 14 மணித்தியாலம் கடமையில் இருக்கலாம், தொடங்கியதிலிருந்து 16 மணித்தியாலம் கடந்தபின் செலுத்தக் கூடாது. அமெரிக்காவில் 11 மணித்தியாலம் செலுத்தலாம், தொடங்கிய 14ஆம் மணித்தியாலத்துடன் செலுத்துவது நின்றுவிட வேண்டும், 8 மணித்தியாலம் செலுத்தியபின் அரை மணித்தியால இடைவேளை வேண்டும். ஒன்ராறியோவில் 12 மணித்தியாலம் ஒழுங்காகச் செலுத்திவிட்டு எல்லையிலுள்ள அம்பாசடர் பாலம் ஏறுபவர், டெட்ரொயிட்டில் இறங்கும்போதே வரம்பு மீறியவராகிறார். பாலத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே நின்று, கருவியில் விதித்தொகுதியை அமெரிக்காவுக்கு மாற்றிப் பார்த்து, எவ்வளவு நேரம் மிச்சம் என்று அறிந்துகொள்வதே புத்தி. சில கருவிகள் எல்லையில் தாமாக மாறும், அதை நம்பி நான் எப்போதும் ஏறியதில்லை.

தெருவோரப் பரிசோதனையும் பழுதும்

பரிசோதகர் லொக்கைக் கேட்டால், திரையில் அனுப்பும் பக்கத்தைத் திறந்து, அமெரிக்காவில் அவர் தரும் குறியீட்டைக் குறிப்புக் கட்டத்தில் தட்டெழுதி அனுப்ப வேண்டும். கனடாவில் பெரும்பாலும் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதை முதன்முதலாக அவர் முன்னிலையில் தேடாதீர்கள். யார்டில் நிற்கும்போது இரண்டு தரம் திறந்து பழகுங்கள். கருவியின் கைந்நூல், தரவு அனுப்பும் அறிவுறுத்தல் தாள், பழுது அறிவுறுத்தல் தாள், வெற்று லொக் தாள்கள் ஆகியவை வண்டியில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையில் ஒற்றை எழுத்து ஒன்று தோன்றினால் அது பழுது: பி மின்சாரத்தை, ஈ இயந்திரத் தொடர்பை, ரி நேரத்தை, எல் இட அறிதலை, ஆர் பதிவை, எஸ் அனுப்புதலைக் குறிக்கும். எண் தோன்றினால் அது சிறு கோளாறு. பழுதென்றால் அமெரிக்க விதிப்படி 24 மணித்தியாலத்துக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு, கடதாசி லொக்குக்கு மாற வேண்டும். திருத்துவதற்கு அங்கே நிறுவனத்துக்கு 8 நாள் உண்டு, கனடாவில் 14 நாள். தொலைபேசியில் சொன்னேன் என்பது போதாது. குறுஞ்செய்தியாவது அனுப்பி, அதன் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் முடிவில் லொக்கை வாசித்துச் சான்றுப்படுத்திவிட்டு, கருவியிலிருந்து வெளியேறிய பின்னரே வண்டியை விட்டு இறங்குங்கள். வெளியேறாமல் போனால், இரவில் யார்டில் வேறொருவர் அதை நகர்த்தும் ஒவ்வொரு மீற்றரும் உங்கள் பெயரில் விழும். காலையில் உள்நுழையும்போது, ‘யாருடையது என்று தெரியாத ஓட்டம்’ எனக் கருவி எதையாவது காட்டி உங்களுடையதா என்று கேட்டால், நேரத்தையும் இடத்தையும் கொப்பியோடு ஒப்பிடுங்கள். உங்களுடையது அல்லவென்றால் மறுத்துவிடுங்கள். டிஸ்பாச்சர் அலைபேசியில் ‘ஏற்றுக்கொள்ளுங்கோ, பிறகு பார்ப்பம்’ என்றாலும் அப்படித்தான்.