தீர்ப்பும் இரக்கமும்: செய்தி கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலும் ஏற்காட்டு எஸ்டேட் சபைகளிலும் புதிதாகச் செய்தி (பிரசங்கம்) கொடுக்க வரும் வாலிபர்களுக்கு உதவி செய்து வருகிறேன். வசன எண் மாறுவது, நேரம் தாண்டுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பழைய ஏற்பாடு கோபம், புதிய ஏற்பாடு அன்பு என்று பிரிப்பது

இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்சியோன் சொன்னது கிட்டத்தட்ட இதுதான். ரோமாபுரி சபை கி.பி. 144-லேயே அவரை விலக்கிவிட்டது. பழைய ஏற்பாட்டின் இரக்கத்துக்கு ஓசியா 11-ஐ ஒருமுறை வாசியுங்கள். பிறகு புதிய ஏற்பாட்டின் தீர்ப்புக்கு மத்தேயு 25-ஐ வாசியுங்கள்.

நரகத்தைக் காட்டிச் சிறுபிள்ளைகளை மிரட்டுவது

கூடவே கூடாது.

துக்க வீட்டில் தீர்ப்பு சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஏற்காடு மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கி ஒரு பையன் இறந்துபோனான். அடக்க ஆராதனையில் பேச வந்த இளம் ஊழியர் யாத்திராகமம் 34:7-ன் பின்பாதியை மட்டும் வாசித்தார். பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கிற (தண்டிக்கிற) தேவன் என்று நிறுத்திவிட்டு, “இந்த வீட்டில் குடி இருந்தது, எல்லாருக்கும் தெரியும்” என்றார். பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அப்பா, தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கோவில் பக்கமே வருவதில்லை. வீட்டுக்குப் போனால் “வாங்க ஐயா” என்று நாற்காலி போடுவார். ஜெபிக்கலாமா என்று கேட்டதும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்த ஊழியர் விட்டுவிட்ட 6-ஆம் வசனத்திலும் 7-ன் முன்பாதியிலும் என்ன இருக்கிறது? இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர், ஆயிரம் தலைமுறைகளுக்கு இரக்கத்தைக் காக்கிறவர் என்று இருக்கிறது. விசாரிப்பது மூன்று, நான்கு தலைமுறை மட்டும்தான். அதோடு எசேக்கியேல் 18, தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று நேராகவே சொல்கிறது.

லூக்கா 13-ஐயும் பாருங்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்கிறார். அடுத்த மூச்சில், நீங்கள் மனந்திரும்பாவிட்டால் கெட்டுப்போவீர்கள் என்று எதிரில் நிற்பவர்களை எச்சரிக்கிறார். எச்சரிக்கை உயிரோடிருப்பவர்களுக்குத்தான், இறந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பிரசங்கம் செய்கிறவரும் உயிரோடு இருக்கிறவர்தானே?

இரக்கத்தை மட்டும் சொல்லித் தீர்ப்பை விழுங்கிவிடுவது

மேலே சொன்ன சம்பவத்தைக் கேட்டுப் பயந்து, சிலர் இந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். கூலி அநியாயமாய்ப் பிடித்து வைக்கப்பட்ட ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவிகளில் எட்டியிருக்கிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. அவருக்கு நல்ல செய்தி அதுதான். சங்கீதம் 96-ல் கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்று காட்டு விருட்சங்கள் கெம்பீரிக்கின்றன. சில்வர் ஓக் மரத்தடியில் மிளகு பறிக்கும் சனங்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

யோனாவை மீனோடு முடிப்பது

அந்தப் புத்தகத்தின் கனமே 4-ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. மனந்திரும்பிய நினிவே நகரம் அழிவுக்குத் தப்பியதும் யோனா எரிச்சலோடு எடுத்துச் சொல்வது யாத்திராகமம் 34:6-7-ன் முன்பாதியைத்தான். அதே நினிவேக்கு எதிராக நாகூம் 1:3, நீடிய சாந்தத்தை ஒப்புக்கொண்டு, பின்பாதியையும் சேர்த்துச் சொல்கிறது. கி.மு. 612-ல் அந்த நகரம் விழுந்தது. யோனாவைப் பற்றிப் பேசும் வாரத்தில் நாகூமையும் உட்கார்ந்து முழுதாக வாசித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.