கருத்துக்குக் காசு: கேள்வி கேட்டவள் சொல்லும் வழி

மதுரையில் சந்தை ஆய்வு நிறுவனங்களுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் வேலையைப் பல வருடங்கள் பார்த்தவள் நான். தெருமுனையில் தொடங்கி, வலது கைப் பக்கமாகவே வீடுகளை எண்ணிக்கொண்டு போக வேண்டும். கதவைத் திறந்தவர் பேச மறுத்தால் அடுத்த வீடு. மூட்டு வலி வந்து அதை விட்ட பிறகு, இணைய சர்வே தளங்களில் வரும் அதே மாதிரிக் கேள்விகளுக்குக் கைப்பேசியில் நானே பதில் சொல்லிப் பணம் பெறுகிறேன். தெருவில் பெண்கள் "எவ்வளவு வரும் அக்கா?" என்று கேட்டால், வழிமுறைக்கு முன்னால் தொகையைத்தான் சொல்வேன். மாதம் சில நூறு ரூபாய். கைப்பேசி ரீசார்ஜுக்குப் போக, கேஸ் சிலிண்டருக்குக் கொஞ்சம் மிஞ்சும். வீட்டு வாடகையை இதில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்.

எனக்கு வருகிற 15 நிமிடக் கேள்வித்தாள்களுக்கு 20 முதல் 50 ரூபாய் மதிப்புள்ள புள்ளிகள் கிடைக்கின்றன. பாதியில் வெளியேற்றப்படுகிறவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு நூறு ரூபாய் தேறுவதில்லை. பிளவுஸ் தைக்கத் தெரிந்தவர் அந்த நேரத்தில் பிளவுஸே தைக்கலாம். டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரம், பஸ்ஸில் போகும் நேரம், குக்கர் விசில் வரும்வரை உள்ள நேரம் ஆகியவைதான் இதற்கு ஏற்றவை.

இதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புகள் வந்து குவியும். பெயரை பான் அட்டையில் உள்ளபடியே கொடுங்கள், பணம் எடுக்கும்போது அது பொருந்த வேண்டும். ஒரு தளத்தில் ஒருவருக்கு ஒரு கணக்குதான். மாமியார் பெயரில் இரண்டாவது, பிள்ளை பெயரில் மூன்றாவது என்று ஒரே கைப்பேசியில் தொடங்கினால் கருவியையும் இணைய இணைப்பின் (ஐபி) முகவரியையும் வைத்துக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் முடக்கிவிடுவார்கள். டோலுனா, லைஃப்பாயிண்ட்ஸ் போன்ற சர்வே தளங்கள் ஆய்வுத் துறையோடு தொடர்புடையவை. சேரக் கட்டணம் கிடையாது. கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் வேறு வகை. இரண்டு மூன்று கேள்விகள்தான், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஆண்ட்ராய்டில் அது ரொக்கம் தராது. கூகுள் பிளேயில் செலவழிக்கும் இருப்பாகத்தான் வரும், அதுவும் ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும். சில கேள்விகள் நீங்கள் போய்வந்த கடைகளைப் பற்றியும் இருக்கும். இருப்பிடத் தகவலைத் தர விருப்பமில்லை என்றால் அதை நிறுத்திவைக்கலாம்.

எல்லோருக்கும் எரிச்சல் மூட்டுவது, ஐந்து நிமிடம் பதில் சொன்ன பிறகு "நீங்கள் தகுதி பெறவில்லை" என்று வருவது. களத்தில் நாங்கள் இதை 'டெர்மினேட்' என்போம். கதவருகே நின்றபடி அதை எத்தனையோ பேரிடம் நானே செய்திருக்கிறேன். உங்கள் மேல் குறை எதுவும் இல்லை. ஷாம்பு விற்கும் நிறுவனம், குறிப்பிட்ட வயதுப் பெண்களில், குறிப்பிட்ட நகரங்களில், கடந்த மாதம் ஷாம்பு வாங்கியவர்கள் இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வைத்திருக்கும். அது நிரம்பியதும் அந்தக் கதவு மூடிவிடும். அதனால்தான் அழைப்பு வந்த அன்றே திறக்க வேண்டும். மூன்று நாள் கழித்துப் போனால் பெரும்பாலும் இடம் இருக்காது.

அந்த ஆரம்பக் கேள்விகள் எதற்கு என்று தெரிந்தால் எரிச்சல் பாதி குறையும். வீட்டில் யாராவது விளம்பரம், பத்திரிகை, சந்தை ஆய்வு ஆகிய துறைகளில் இருக்கிறார்களா என்பது ஒன்று. இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். நான் வேலையில் இருந்தவரை இந்தக் கேள்வியைத் தாண்டியிருக்க முடியாது. அடுத்து, குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவர் எவ்வளவு படித்தவர். பிறகு ஒரு பட்டியல்: மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, இரு சக்கர வாகனம், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கணினி, கார், ஏசி, விவசாய நிலம் என மொத்தம் 11. கேட்கும்போது வரி அதிகாரி வந்தது போலச் சிலர் மிரள்வார்கள். 2011இல் வந்த நுகர்வோர் வகைப்பாட்டு முறை அது. படிப்பையும் இந்தப் பதினொன்றில் எத்தனை இருக்கிறது என்பதையும் சேர்த்து வீட்டை ஏ1 முதல் இ3 வரை 12 வகைகளில் ஒன்றில் வைப்பார்கள். இல்லாத காரை இருப்பதாகச் சொன்னால் நிறைய சர்வே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். மேல் வகுப்பின் ஒதுக்கீடு நிரம்பி, நடு வகுப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் நாளில் அந்தக் கார்தான் உங்களை வெளியே தள்ளும். மேலும், அடுத்த மாதம் கார் காப்பீடு பற்றிக் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். உள்ளதைச் சொல்வதுதான் வசதி, நினைவில் வைக்க எதுவும் வேண்டாம். சுயவிவரப் பகுதியை முழுமையாக நிரப்பி, வேலையோ ஊரோ மாறினால் திருத்திவிடுங்கள்; பொருத்தமான அழைப்பு வர அதுவே முக்கியக் காரணம். வெளியேற்றும்போதும் சில புள்ளிகளாவது தருகிற தளமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்த பிறகு அவசரம் கூடாது. நாங்கள் நிரப்பிய தாள்களை மேற்பார்வையாளர் மறுபடி அந்த வீட்டுக்கே போய்ச் சரிபார்ப்பார். இணையத்தில் அதைக் கணினி செய்கிறது. இருபது வரிகளுக்கும் ஒரே கட்டத்தில் கீழே வரை டிக் அடித்துப் போனால் தெரிந்துவிடும். நடுவில் "இந்த வரியில் 'ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஒரு பொறி இருக்கும். சில பட்டியல்களில் உலகத்திலேயே இல்லாத பிராண்டின் பெயரும் இருக்கும். தெரியும் என்று சொல்லாதீர்கள். எழுதச் சொன்னால் "நன்றாக இருக்கிறது" என்று நிறுத்தாமல் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். தமிழில் பதில் சொல்ல வாய்ப்பு இருந்தால் அதையே எடுங்கள், சில மொழிபெயர்ப்புகள் தலையைச் சொறிய வைத்தாலும்.

குறைந்தபட்சத் தொகை சேர்ந்ததும் புள்ளிகளை மாற்றிவிடுங்கள். பல மாதம் உள்ளே போகாமல் இருந்தால் புள்ளிகள் கழிந்துபோவதும் உண்டு. கடைகளின் பரிசுக் கூப்பன்தான் எளிது. பேபால் என்ற இணையப் பணச் சேவையில் வாங்குவதென்றால் பான் எண் வேண்டும், வந்த டாலர் ரூபாயாகி வங்கிக் கணக்குக்குப் போகும், மாற்று விகிதத்தில் சிறிது குறையும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் இதையும் பிற வருமானத்தில் காட்ட வேண்டும்.

ஏமாற்று வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வருடத்துக்கு 11,000 ரூபாய் கட்டினால் வாராவாரம் சர்வே நிரப்பிச் சம்பாதிக்கலாம் என்று ஸ்பீக் ஏசியா என்ற நிறுவனம் நாடு முழுக்க ஆள் சேர்த்தது. 2011இல் அது முடங்கியபோது லட்சக்கணக்கானவர்களின் பணம் சிக்கிக்கொண்டது. உண்மையான ஆய்வில் பணம் ஆய்வு நடத்துபவரிடமிருந்துதான் உங்களுக்கு வரும், ஒருபோதும் எதிர்த்திசையில் போகாது. இப்போதைய வடிவம் டெலிகிராமில் இருக்கிறது. முதல் நாள் சின்ன வேலைக்கு நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே போடுவார்கள். பிறகு "முன்பணம் கட்டிச் செய்யும் வேலை" என்று ஆயிரங்களைக் கேட்பார்கள். பணம் போடுகிறோம் என்று யுபிஐ பின் எண்ணைக் கேட்டால் நம்பாதீர்கள், பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை. வங்கிக் கணக்கை "வாடகைக்கு" கேட்டாலும் கொடுக்காதீர்கள், மோசடிப் பணம் அதன் வழியே போனால் போலீஸ் உங்களிடம்தான் வரும். பணம் போய்விட்டால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள்; தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

என்னைக் கேட்டால், இந்தச் சிறு சர்வேக்களைவிட அவற்றின் வழியாக வரும் பெரிய அழைப்புகளே லாபம். ஒரு சோப்பை வீட்டில் இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்துச் சொல்வது, ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசும் குழு உரையாடல் போன்றவற்றுக்குப் பல நூறு ரூபாயோ அந்த மதிப்பில் பரிசோ தருவார்கள். கடந்த ஆறு மாதத்தில் இப்படி எதிலாவது கலந்துகொண்டீர்களா என்று பொதுவாகக் கேட்பார்கள். கலந்துகொண்டிருந்தால் சேர்க்க மாட்டார்கள். ஆகவே முதல் அழைப்பிலேயே பாய்ந்துவிடாமல், எவ்வளவு தருவார்கள், எத்தனை மணி நேரம், போக்குவரத்துச் செலவு உண்டா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

ஏதாவது ஒரு தளம் ஒத்துவரவில்லை என்றால் செயலியை நீக்குவதோடு விடாதீர்கள். முதலில் புள்ளிகளை எடுத்துக்கொண்டு, கூப்பன் கைக்கு வந்த பிறகு, அமைப்புகள் பகுதியில் கணக்கை மூடுங்கள்.