கரண்ட் போய் வந்தபின் கம்பியூட்டர் எழும்பவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் இதைச் செய்யுங்கள்

மலைநாட்டில் ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் இடிமழைக் காலம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பின்னேரம் வானம் இருட்டினால் கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். அப்படி ஒரு மழைக்குப் பிறகு என் மேசைக் கம்பியூட்டர் விண்டோஸுக்குள் போகவே இல்லை. மதர்போர்ட், அதாவது உள்ளே எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய போர்டு, போய்விட்டது என்றார்கள் கடையில். உண்மையில் தேவைப்பட்டது ஒரு சின்னப் பேட்டரியும், விண்டோஸுக்கு முன்பே ஓடி மெஷினைத் தொடக்கி வைக்கும் பயோஸ் என்ற நிரலில் ஒரு மாற்றமும்தான்.

முதலில் மெஷின் எதுவரை வருகிறது என்று பாருங்கள். விசிறியே சுற்றவில்லையா, விசிறி சுற்றியும் திரை கறுப்பாக இருக்கிறதா, லோகோ வந்தபின் நிற்கிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

விசிறி சுற்றாவிட்டால் மல்டி பிளக்கை விட்டுவிட்டு நேரே சுவர் பிளக்கில் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வயரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து, பூட்டிக்கொண்ட பாதுகாப்புச் சுற்றும் விடுபடும். பல மெஷின்கள் இதிலேயே எழும்பிவிடும். இல்லையென்றால் தெரிந்தவரிடம் வேறு பவர் சப்ளை (மெஷினுக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதன் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைக்கும் சோதனை எனக்குப் பிடிக்காது. விசிறி சுற்றும், ஆனால் வோல்டேஜ் சரியா என்று தெரியாது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கப்பாசிட்டர் ஆளை அடிக்கும்.

திரை கறுப்பென்றால் ரேம் என்ற நினைவகப் பட்டையைக் கழற்றுங்கள். நம்ம ஊர்ப் பனியிலும் ஈரத்திலும் அதன் பொன்னிற முனைகள் மங்கிப்போகும். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, கொளுவி ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள்.

லோகோவுக்குப் பிறகு நின்றால்தான் ஆட்கள் அவசரப்பட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுகிறார்கள். போடாதீர்கள், படங்களும் பிள்ளைகளின் பாடங்களும் போய்விடும். முதலில் டிலீட் அல்லது எஃப்2 விசையை விடாமல் தட்டி பயோஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் காட்டுகிறதா? அப்படியானால் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை இது வெளியே தெரியாது, போர்டு பவர் சப்ளையிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கரண்ட் போன கணமே பல போர்டுகளில் பயோஸ் நாம் வைத்ததையெல்லாம் மறந்து பழைய நிலைக்குப் போய்விடும். மணிக்கூட்டுக் கடையிலேயே 3 வோல்ட் புதியது கிடைக்கும். வயரைக் கழற்றிவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி மாட்டுங்கள்.

பேட்டரி மாற்றியும், விண்டோஸ் தொடங்க முடியாமல் பிழை காட்டும் நீலத்திரை வந்தால் பயப்படாதீர்கள். எனக்கு அதிக நேரம் போனது இங்கேதான். பயோஸில் ‘சாட்டா மோட்’ என்ற இடத்தைத் தேடுங்கள். விண்டோஸ் போட்டபோது அது பெரும்பாலும் ஏஎச்சிஐ ஆக இருந்திருக்கும், இப்போது ஐடிஇ அல்லது ரெயிட் என்று மாறியிருக்கும். டிஸ்க்கோடு எந்த வழியில் பேசுவது என்பது மாறியதால் விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியவில்லை. ஏஎச்சிஐ என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். பிழையாகத் தெரிவு செய்தாலும் மறுபடி நீலத்திரைதான் வரும், ஃபைல்கள் அழியாது. நீலத்திரைக்குப் பதிலாக ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ (தொடங்க டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை) என்று வந்தால், பயோஸில் யூஈஎஃப்ஐ, லெகசி என்ற இரண்டு தொடக்க முறைகளில் எது தெரிவாகியிருக்கிறது என்று பார்த்து மற்றதற்கு மாற்றுங்கள். பயோஸ் பட்டியலில் டிஸ்க்கே இல்லையென்றால் அதன் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விண்டோஸ் சுற்றிக்கொண்டே நின்றால், எழுதிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போனதால் டிஸ்க்கில் ஏதோ குழம்பியிருக்கிறது. சில முறை தொடக்கம் தடைப்பட்டால் விண்டோஸே திருத்தும் திரையைக் காட்டும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுங்கள். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டால் மட்டும் அதைக் கொடுக்காமல், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவில் தொடங்கி ஃபைல்களை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அந்த பென் டிரைவ் ஒன்று எப்போதும் என் மேசை லாச்சியில் இருக்கும்.

பிற்சேர்க்கை: பயோஸை மாற்றியதும் 48 இலக்கச் சாவி கேட்கிறது என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் போய்ப் பாருங்கள், சாவி பெரும்பாலும் அங்கே பதிந்திருக்கும். லேப்டாப்காரர்கள் பயோஸைத் தொடுமுன் அதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொருவர் எந்த யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டி) வாங்கலாம் என்று கேட்டார். ஒரு மேசைக் கம்பியூட்டருக்கு வோல்டேஜ் சீராக்கும் வசதியுள்ள 650 விஏ திறனுள்ளது போதும். வேலையைச் சேமித்து அணைக்க நேரம் தரும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள். ஆனால் மின்னலுக்கு யூபிஎஸ்ஸை நம்ப முடியாது. மின்னல் டெலிபோன் வயர் வழியாக ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து நெட்வொர்க் கேபிளால் போர்டைச் சுடும். இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கோடு சேர்த்து அந்த இரண்டையும் கழற்றிவிடுங்கள்.