செயினை இறுக்காதீர்கள்: புது ஸ்போர்ட்ஸ் பைக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பரின் தம்பி தன் புது பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். வாங்கி ஒன்றரை மாதம்தான் ஆகிறது. "அண்ணா, செயின் சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. நானே டைட் பண்ணிட்டேன்" என்றான், முகமெல்லாம் பெருமையாக. குனிந்து கீழ்ச்செயினின் நடுவில் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. துணி காயப்போடும் கொடிக்கம்பி மாதிரி விறைத்து நின்றது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் பைக்கின் செயினும் இப்படித்தான் இருந்தது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். டயரில் காற்று பாருங்கள், நேரத்துக்கு சர்வீஸ் விடுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. வண்டி மேல் உள்ள பாசத்திலேயே செய்துவிடுகிற தவறுகள் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

செயினைக் கம்பி மாதிரி இழுத்து வைப்பது

புதுச் செயின் ஓட ஓடக் கொஞ்சம் தளரும். முதல் கியரில் மெதுவாகப் போகும்போது லேசாகச் சலசலக்கும். எனக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டர் போல்ட்டையும் திருகினேன். செயின் அசையாமல் நின்றதும் நிறுத்தினேன். சத்தம் போய்விட்டது, வேலை சுத்தமாக முடிந்தது என்று நம்பினேன்.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். செயினை ஓட்டுகிற முன் ஸ்ப்ராக்கெட்டும் (பல்சக்கரம்), பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசைகிற ஸ்விங்ஆர்ம் திரும்புகிற அச்சும் ஒரே இடத்தில் இல்லை. ஸ்ப்ராக்கெட் சற்று முன்னால் இருக்கிறது. நீங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் அமுங்கும், ஸ்விங்ஆர்ம் மேலே எழும். ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் நேர்க்கோட்டுக்கு வரும்போது ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஆக்சிலுக்கும் இடையே தூரம் மிக அதிகம். செயினுக்குத் தொய்வு வேண்டும் என்பது அந்த ஒரு கணத்துக்காகத்தான். ஆள் இல்லாமல் நிற்கும்போதே செயின் விறைப்பாக இருந்தால், பள்ளத்தில் விழும்போது அது எங்கே போய் நீளும்? நீள முடியாது. கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருகிற அவுட்புட் ஷாஃப்டைப் பிடித்துப் பின்பக்கமாக இழுக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓர் இழுப்பு.

அடுத்த சில வாரங்களில் பின்பக்கம் கட்டையாகத் தூக்கிப் போட்டது. ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன். அப்புறம் முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய். செயினுக்கு அடித்த லூப் (மசகு) வழிகிறது என்று நினைத்து, மூன்று நாள் தொடர்ந்து துணியால் துடைத்தேன். அது லூப் இல்லை, ஆயில் சீல் வழியாகக் கசிந்த இன்ஜின் ஆயில். நான்காவது, ஐந்தாவது கியரில் மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் மெக்கானிக்கிடம் போனேன். அவர் முன் ஸ்ப்ராக்கெட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். ஆடியது. உள்ளே அவுட்புட் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் போயிருந்தது.

அந்த பேரிங் உட்கார்ந்திருப்பது கிராங்க்கேஸுக்குள், அதாவது இன்ஜினின் கீழ்ப்பகுதி உலோகக் கூட்டுக்குள். அதை மாற்ற இன்ஜினைச் சேஸியிலிருந்து இறக்கி, கிராங்க்கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அட்ஜஸ்டரில் நான் அதிகமாகப் போட்ட இரண்டு சுற்றுக்காக, புது வண்டியின் இன்ஜின் முழுதாகப் பிரிந்து ஒரு மேசை மேல் கிடந்தது. அந்தக் காட்சி இன்னும் என் வயிற்றைப் பிசைகிறது. அதனால்தான் யாராவது "டைட்டா வெச்சா நல்லா பிக்கப் கிடைக்கும்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, எப்படிச் செய்வது? உங்கள் பைக்கின் கையேட்டில் தொய்வு அளவு மில்லிமீட்டரில் இருக்கும். பல ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் கீழ்ச்செயினின் நடுவில் 25 முதல் 35 மி.மீ. வரை மேலும் கீழும் அசைய வேண்டும். சில பைக்குகளில் அளக்கும் இடமே வேறு. அதனால் அடுத்தவர் வண்டியின் அளவை வாங்கி வைக்காதீர்கள். வண்டி சைடு ஸ்டாண்டில் நிற்க வேண்டுமா, வேறு எப்படி நிற்க வேண்டுமா என்பதையும் கையேடே சொல்லும். பின்சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். ஸ்விங்ஆர்மின் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கட்டும். ஆக்சில் நட்டை முறுக்கியதும் செயின் இன்னும் கொஞ்சம் இழுபடும், எனவே கடைசியில் மறுபடி அளந்து பாருங்கள்.

சந்தேகம் வந்தால் ஓரிரு மில்லிமீட்டர் தொய்வாகவே விடுங்கள். சற்றுத் தளர்ந்த செயின் சத்தம் போட்டு உங்களிடம் சொல்லிவிடும். இறுகின செயின் எதையும் சொல்லாமல் இன்ஜினைத் தின்னும்.

ஓடும் இன்ஜினில் செயின் துடைப்பது

இன்ஜினை அணையுங்கள், நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். விரல் திரும்ப முளைக்காது.

விலை உயர்ந்த கார் ஆயிலை ஊற்றுவது

விலை அதிகம் என்றால் உயர்ந்தது என்று இதைச் செய்கிறார்கள். கார் இன்ஜினில் கிளட்ச் தனியாக, உலர்ந்து கிடக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கின்றன. எரிபொருள் மிச்சம் பிடிக்கவென்று செய்த கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்திருப்பார்கள். அவை கிளட்சையும் வழுக்க விடும். ஆக்சிலரேட்டர் முறுக்கினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். எம்பி (MB) என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு உரியது.

ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை முழு பலத்தோடு முறுக்குவது

போல்ட் எஃகு, அது ஏறுகிற இடம் அலுமினியம். "இன்னும் ஒரு கால் சுற்று" என்று அழுத்தும் அந்த நேரத்தில் கைக்குத் திடீரென்று இலேசாகத் தெரிந்தால், மரை போய்விட்டது என்று அர்த்தம். வாஷரைப் புதிதாகப் போடுங்கள், முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சைலன்சரை விட இதுதான் முதலில் வாங்க வேண்டிய பொருள்.

சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மட்டும் மாற்றுவது

இரண்டையும் திறந்த வகைக்கு மாற்றினால் உள்ளே போகும் காற்று கூடும், ஆனால் எரிபொருளின் அளவைத் தீர்மானிப்பது ஈசியூவில் (இன்ஜினை இயக்கும் கணினி) பதிந்த பழைய மேப், அதாவது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்ற அட்டவணை. சீரான வேகத்தில் ஆக்சிஜன் சென்சார் ஓரளவு சமாளிக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கும்போது பல பைக்குகளில் சென்சாரின் பேச்சு எடுபடாது, மேப்தான் ஓட்டும். கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். மாற்றுவதானால் ஈசியூவுக்கும் சேர்த்து ட்யூன் செய்யுங்கள். இல்லையென்றால் ஃபில்டரையாவது தொடாதீர்கள். தூசி நிறைந்த சாலையில் திறந்த ஃபில்டர் போட்டால் பிஸ்டன் ரிங் சீக்கிரமே தேயும்.

பிரேக் டிஸ்க் பக்கம் செயின் ஸ்ப்ரே அடிப்பது

டிஸ்க்கில் படாதபடி நடுவே ஓர் அட்டையைப் பிடியுங்கள்.

ரிம்மை மாற்றாமல் பின்டயரை அகலமாக்குவது

பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் ஓரங்கள் உள்நோக்கி நெருக்கப்பட்டு நடுப்பகுதி கூம்பி விடும். நேராகப் போகும்போது தரையைத் தொடும் பரப்பு நீங்கள் எதிர்பார்த்த அளவுக்குக் கூடாது. கூடிய எடையால் வளைவில் வண்டி சாயத் தயங்கும். டயரின் உயரம் மாறினால் இன்னொரு சிக்கல்: ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் முன்சக்கர வேகத்தையும் பின்சக்கர வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. அந்தக் கணக்கை நீங்கள் கலைத்துவிடுகிறீர்கள். அதே அளவில் நல்ல ரப்பர் உள்ள டயருக்கு மாறுங்கள், வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும்.

புது டயரில் உடனே சாய்ப்பது

முதல் 150 கி.மீ. பொறுங்கள்.