ஸ்கூட்டரில் நீங்களே கை வைக்கும்போது செய்யக் கூடாதவை

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் என்ன செய்வோம்? செல்ஃப் பட்டனை விடாமல் அமுக்குவோம். பத்து நிமிடத்தில் பேட்டரியும் இறங்கிவிடும். வண்டியில் ஏற்கெனவே இருந்த கோளாறு எது, நாம் உண்டாக்கியது எது என்று அதற்கப்புறம் பிரித்துப் பார்க்க முடியாது. புதிதாக வண்டி வேலை கற்றுக்கொள்பவர்களின் தவறுகளில் முக்கால்வாசி இப்படித்தான் வருகிறது. கோளாறு எங்கே என்று தெரிவதற்கு முன்பே கை வைத்துவிடுகிறோம். செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து வினாடிக்கு மேல் அமுக்க வேண்டாம். பத்து வினாடியாவது விட்டு அடுத்த முறை முயலுங்கள்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா, சைடு ஸ்டாண்ட் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் பல வண்டிகளில் சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும் என்பதையும் மறந்துவிடுகிறோம். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் செல்ஃப் எடுக்கவில்லை என்று புது பேட்டரியே வாங்கிப் போட்டார். கடைசியில் பார்த்தால், அவர் வழக்கமாகப் பிடிக்கும் பிரேக் லிவருக்குக் கீழே இருக்கும் சின்ன சுவிட்சில் ஒயர் விட்டுப்போயிருந்தது. இன்னொரு பிரேக்கைப் பிடித்து அமுக்கியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

செல்ஃப் அமுக்கும்போது வரும் சத்தத்தைக் கவனியுங்கள். ‘டக் டக்’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம். எந்தச் சத்தமுமே இல்லையென்றால் ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் பக்கமும் தேட வேண்டும். மோட்டார் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? பேட்டரியை விட்டுவிட்டு பெட்ரோலும் பொறியும் வருகிறதா என்று பாருங்கள். வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் கையில் இருப்பது நல்லது. வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் சரி, 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் போட வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில்.

ஃபியூஸ் போயிருந்தால் அந்த இடத்தில் கம்பியையோ சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளையோ சுற்றி ஓட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸ் எரிகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். கம்பி எரியாது, அதற்குப் பதில் ஒயரிங் எரியும். பல ஸ்கூட்டர்களில் பெட்ரோல் டேங்க் நாம் உட்காரும் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

இனி பிளக், அதாவது இன்ஜினுக்குள் பொறி தரும் ஸ்பார்க் பிளக். எல்லோரும் முதலில் கழற்றுவது இதைத்தான், அதிகம் கெடுப்பதும் இதைத்தான். இன்ஜின் சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டுக் கழற்றுங்கள், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். திரும்ப மாட்டும்போது ஸ்பேனர் வேண்டாம். முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். இரண்டு மூன்று சுற்று இலகுவாக இறங்கினால்தான் மரை சரியாகப் பிடித்திருக்கிறது. பிளக் மாட்டும் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) அலுமினியம், பிளக் இரும்பு. கோணலாக வைத்து ஸ்பேனரால் அழுத்தினால் ஹெட்டின் மரைதான் போகும். நான் முதன்முதலில் பிளக் மாற்றியபோது இதைத்தான் செய்தேன். பிளக் விலையைப் போலப் பல மடங்கு லேத் பட்டறையில் கொடுத்தேன், இரண்டு நாள் வண்டியும் இல்லை. புது பிளக்கை விரலால் முழுக்க இறக்கியபின் ஸ்பேனரால் சுமார் அரைச் சுற்று போதும். பழைய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும் என்பதால் அதற்கு இன்னும் குறைவு.

கழற்றிய பிளக்கைத் துடைத்துத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் நிறத்தைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் இன்ஜின் நன்றாக எரிகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இதைப் பார்க்காமல் மாதம் ஒரு பிளக் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பெட்ரோலில் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ. பழைய கார்பரேட்டர் வண்டியில் சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் லிவர்) போட்டு உதைத்துக்கொண்டே இருந்தால் இப்படி ஆகும். சோக்கை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து உதைத்தால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஸ்டார்ட் ஆன உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். ஆனால் பிளக் இன்ஜின் ஆயிலில் நனைந்திருந்தால் அது வீட்டில் பார்க்கிற வேலை அல்ல.

ஏர் ஃபில்டரிலும் ஒரு விஷயம். ஆயில் தடவிய காகித ஃபில்டர் சில மாடல்களில் வருகிறது. அதைத் தட்டவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும். எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்பது மேனுவலில் இருக்கும்.

ஆயில் மாற்றும்போது ஸ்கூட்டருக்குக் கீழே இரண்டு போல்ட் தெரியும். ஒன்று இன்ஜின் ஆயில், இன்னொன்று பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் ஆயில். ஒன்றை நினைத்து இன்னொன்றைத் திறந்துவிட்டு, கியர் ஆயில் இல்லாமலே ஓட்டினால் கியர் தேய்ந்து சத்தம் போடும். பைக்குக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஸ்கூட்டரில் ஊற்ற வேண்டாம். பைக் கிளட்ச் ஆயிலில் நனைந்திருக்கும், ஸ்கூட்டர் கிளட்ச் உலர்ந்தது. அதனால் டப்பாவில் ஜாஸோ எம்பி (JASO MB, ஸ்கூட்டர் ஆயிலுக்கான தரக்குறி) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சென்டர் ஸ்டாண்டில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் பின்சக்கரம் சுற்றும். அந்த நிலையில் ஸ்டாண்டிலிருந்து இறக்கினால் வண்டி பாய்ந்துவிடும். குழந்தைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. கதவு மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவும் விடக் கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

கடைசியாக வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று செல்ஃப் அடிப்பதுதான் இதில் பெரிய தவறு. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் பிஸ்டனோடு இணைந்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சாவியே போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்ஜின் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.