வீட்டில் கூஸ் வாத்து: ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுப்பது எப்படி?

பத்து முட்டை அடை வைத்து ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்றால், பழி அடை உட்கார்ந்த பெட்டையின் மேலோ இன்குபேட்டரின் மேலோதான் விழும். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, ஜோடியிலேயே இருந்திருக்கும். சந்தையில் ‘ஜோடி’ என்று சொல்லிக் கொடுத்த இரண்டும் பெட்டையாக இருப்பது சர்வசாதாரணம்.

நம் ஊரில் அதிகம் கிடைப்பது மூக்கின் மேல் குமிழ் வைத்த சீன வகையும் அதன் கலப்பும்தான். கீழே உள்ள அளவுகள் அவற்றுக்கானவை.

1. ஆணா, பெட்டையா?

நிறத்தில் வித்தியாசம் கிடையாது. வளர்ந்த ஆணுக்குக் குமிழ் பெரிது, கழுத்து நீளம். குரலில் பலரும் ஏமாறுவார்கள்: சன்னமாகக் கீச்சிடுவது ஆண், அடித்தொண்டையில் கனமாகக் கத்துவது பெட்டை.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் எச்சத் துவாரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து, பறவையை மடியில் மல்லாத்தி, தலை உங்கள் அக்குளுக்குக் கீழே வரும்படி பிடியுங்கள். துவாரத்தின் இரு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தி விரியுங்கள். ஆணுக்குத் திருகு போலச் சுருண்ட வெளிர் உறுப்பு எட்டிப் பார்க்கும். பெட்டைக்கு வெறும் மடிப்புதான். பறவை திமிறினால் விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், அழுத்தத்தைக் கூட்டாதீர்கள்.

ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்டை மேல் பெட்டையும் ஏறும். ஒரு பெட்டை பொதுவாக ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் முட்டையிடும். ‘ஜோடி’யின் கூட்டில் ஒரே நாளில் இரண்டு முட்டை கிடந்தால் இரண்டும் பெட்டைதான்.

2. சேர்த்து விடுவது

முதல் வருட முட்டை சிறிதாக இருக்கும், கருவும் குறைவாகவே கூடும். இரண்டு வயதுப் பறவைகளே நல்லது. ஓர் ஆணுக்கு நான்கைந்து பெட்டை வரை போகலாம்; புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டு பெட்டை போதும். இடம் குறுகலாக இருந்தால் இரண்டாவது ஆண் வேண்டாம், பருவத்தில் ஓயாமல் சண்டைதான். கூடப் பிறந்தவற்றை ஜோடி சேர்க்காமல் ஆணை வேறு இடத்தில் வாங்குங்கள்.

கோழி மாதிரி இன்று விட்டால் நாளை சேர்ந்துவிடாது. முட்டைப் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே சேர்த்து விடுங்கள். பழைய துணை பக்கத்துப் பட்டியில் இருந்தால் புதியதை ஏறெடுத்தும் பார்க்காது. அதைக் கண்ணிலும் காதிலும் படாத தூரத்துக்கு மாற்றுங்கள். சேர்ந்துவிட்டது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஆண் ஒரு நாயையோ ஆளையோ விரட்டிவிட்டு ஓடிவந்து, பெட்டையின் அருகே கழுத்தைத் தாழ்த்தி நீட்டிக் கத்தும். பெட்டையும் கழுத்தை நீட்டிக் கூடவே கத்தினால் ஜோடி அமைந்துவிட்டது.

இந்த வகை தரையிலும் இணையும் என்றாலும், தொட்டி இருந்தால் கரு நன்றாகக் கூடும். நான்கடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஏறி இறங்கச் செங்கல் படி. தண்ணீரைத் தவறாமல் மாற்றுங்கள். அழுக்குத் தண்ணீரில் ஆணின் உறுப்பு புண்ணாகி உள்ளே போகாமல் தொங்க ஆரம்பித்தால் அந்தப் பருவமே போய்விடும்.

3. தீவனம்

வெறும் சோறும் அரிசியும் போட்டால் பறவை கொழுக்கும், முட்டையில் கரு இருக்காது. முட்டைக்கு ஒரு மாதம் முன்பிருந்து தலைக்கு 150 முதல் 200 கிராம் லேயர் தீவனம் (முட்டைக்கோழிக்கான தீவனம்), மேய்வதற்குப் புல், தனிக் கிண்ணத்தில் உடைத்த கிளிஞ்சல்.

4. கூடும் முட்டையும்

இரண்டரை அடிச் சதுரத்தில் மூன்று பக்கம் மறைத்த இடம் போதும். நாயும் கீரியும் நுழையாதபடி இரவில் அடைக்க வேண்டும். அடியில் மூன்று அங்குலம் மண் போட்டு, நடுவில் குழித்து, மேலே வைக்கோல் பரப்புங்கள்.

தினமும் முட்டையை எடுத்து, பென்சிலால் தேதி எழுதி, கூட்டில் ஒரு பொய் முட்டையை விட்டு வையுங்கள். கழுவ வேண்டாம், ஒட்டிய அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஈர மணல் மேல் வைத்த மண்பானையில், முட்டை நனையாதபடி வைக்கோல் மேல் அடுக்கித் தினம் ஒரு முறை திருப்பி விடுங்கள். ஏழு நாளுக்குள் அடை வைத்துவிடுவது நல்லது. பத்து நாள் தாண்டினால் பொரிப்பு குறையும்.

5. அடை

பெட்டை மார்பு இறகைப் பிடுங்கிக் கூட்டில் போட்டு, எழுந்திருக்காமல் சீறினால் அடைக்குத் தயார். மாலையில் எட்டு முதல் பத்து முட்டையை மொத்தமாக வையுங்கள். நாளுக்கொன்றாகச் சேர்த்தால் முன்னால் பொரித்த குஞ்சுடன் தாய் எழுந்துவிடும், மிச்சம் வீண். நாட்டுக்கோழியில் வைத்தால் நான்கு முட்டைதான். அதற்கு இந்த முட்டையைப் புரட்டத் தெம்பு இருக்காது. நாள் மூன்று முறை நீங்களே புரட்டுங்கள்.

பொரிக்க 28 முதல் 31 நாள் ஆகும். அடைப்பெட்டை தினம் ஒரு முறை எழுந்து, முட்டையை இறகால் மூடிவிட்டு, தின்று குளித்து ஈரத்தோடு வந்து உட்காரும். தடுக்காதீர்கள். அந்த ஈரம் முட்டைக்குத் தேவை.

விசிறி வைத்த இன்குபேட்டரிலும் இதையேதான் நாம் செய்கிறோம். வெப்பம் 37.5 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம். முட்டையைப் படுக்க வைத்து, நாள் நான்கு முறை மேல்பக்கம் கீழே வரும்படி திருப்புங்கள். எட்டாம் நாளிலிருந்து தினமும் 10 நிமிடம் திறந்து ஆறவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளியுங்கள். 27ஆம் நாளோடு திருப்புவதையும் தெளிப்பதையும் நிறுத்தி, ஈரப்பதத்தை 75க்கு ஏற்றுங்கள்.

பத்தாம் நாள் இருட்டில் போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் உண்டு. எல்லா முட்டையும் தெளிந்த மஞ்சளாகத் தெரிந்தால் கரு கூடவே இல்லை. ஆணைப் பாருங்கள், அது ஆண்தானா என்பதையும் சேர்த்து. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடிப் பிறகு செத்திருக்கிறது; முட்டையைச் சேமித்த விதத்திலோ வெப்பத்திலோ தப்பு.

ஓட்டில் விரிசல் விழுந்து குஞ்சு வெளிவர ஒன்றிரண்டு நாளாகலாம். பொறுமையிழந்து ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து சாகும்.

6. குஞ்சு

முதல் வாரம் 32 டிகிரி, பிறகு வாரம் மூன்று டிகிரி குறையுங்கள். கீழே செய்தித்தாள் போட்டால் கால் வழுக்கி அகன்றுவிடும், சாக்கு விரியுங்கள். மூக்கு முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் போதும். தாய் இல்லாத குஞ்சின் தூவியில் எண்ணெய்ப் பசை ஏறியிருக்காது, நீந்த விட்டால் நனைந்து விறைக்கும். ஸ்டார்ட்டர் தீவனத்துடன் (குஞ்சுகளுக்கான முதல் தீவனம்) பொடியாக நறுக்கிய அருகம்புல்லை முதல் நாளே கொடுக்கலாம். கால் வளைந்தால் பெரும்பாலும் நியாசின் என்ற வைட்டமின் குறைவு என்று பொருள், தீவனத்தில் புரூவர்ஸ் ஈஸ்ட் (அந்த வைட்டமின் உள்ள ஈஸ்ட் தூள்) கலந்து கொடுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டார்ட்டரையே அள்ளிப் போட்டால் சிறகு நுனி வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். கண்டதும் தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். சிறகை மடக்கித் துணிநாடாவால் நான்கைந்து நாள் கட்டி வைத்தால் நேராகும். வளர்ந்த பிறகு கட்டினால் திரும்பாது.